வானத்துக்குத் தெரியாத குழந்தை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் வழியில் எங்கே நின்று அண்ணாந்து பார்த்தாலும் வானம் முழுசாகக் கிடைக்கும். குறுக்கே பெரிய மலை இல்லை, அடுக்குமாடிகள் இல்லை. கரிசல் காடு, இடையிடையே சீமைக்கருவேலம், தூரத்தில் ஒரு கண்மாய்க் கரை, அவ்வளவுதான். மழையைக் கஞ்சத்தனமாகக் கொடுக்கும் வானம் இங்கே தன்னை மட்டும் தாராளமாகக் காட்டுகிறது. சின்னப் பிள்ளை எங்கே இருக்கிறது என்று பெற்றோருக்குச் சொல்ல அதன் கையில் கட்டும் ஜிபிஎஸ் பட்டைக்கு முதலில் வேண்டியதும் அந்தத் திறந்த வானம்தான்.

மேலே இருந்து செயற்கைக்கோள் பிள்ளையைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது என்று பலரும் நினைக்கிறோம். அதற்குப் பிள்ளை இருப்பதே தெரியாது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், நாளுக்கு இரண்டு முறை பூமியைச் சுற்றிவரும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய முப்பது இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஓயாமல் சொல்வது இரண்டே சேதி: இப்போது மணி என்ன, தான் எங்கே இருக்கிறது. கணக்குப் போடுவதெல்லாம் மணிக்கட்டில் இருக்கும் நகக்கண் அளவுச் சில்லு.

கணக்கு நேரத்தில் தொடங்குகிறது. ஒளியின் வேகத்தில் வரும் ரேடியோ அலை அவ்வளவு தூரத்தைக் கடக்க ஒரு விநாடியில் நூற்றில் ஏழு பங்குதான் ஆகும். அந்த நேரத்தை அளந்தால் தூரம் கிடைத்துவிடும். ஆனால் அளவு ஒரு மைக்ரோ விநாடி, அதாவது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, பிசகினாலும் தூரம் 300 மீட்டர் தப்பும். செயற்கைக்கோளில் அணுக் கடிகாரம் இருக்கிறது. பட்டையில் இருப்பதோ மலிவான குவார்ட்ஸ் துண்டு. இந்தச் சிக்கலுக்குப் பொறியாளர்கள் கண்ட வழி அழகானது. நீளம், அகலம், உயரம் என்ற மூன்று விடைக்கு மூன்று செயற்கைக்கோள் போதும். நான்காவது ஒன்றையும் சேர்த்துக்கொண்டு, தன் கடிகாரம் எவ்வளவு தப்பாக ஓடுகிறது என்பதையும் பட்டை கண்டுபிடித்துவிடுகிறது.

அணுக் கடிகாரத்துக்கும் ஒரு திருத்தம் உண்டு. உயரே ஈர்ப்பு குறைவு என்பதால் அங்கே நேரம் நாளுக்கு 45 மைக்ரோ விநாடி முந்துகிறது. செயற்கைக்கோளின் வேகத்தால் 7 மைக்ரோ விநாடி பிந்துகிறது. மிச்சம் 38. ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கை சொல்லும் இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் விட்டால், தூரக் கணக்கில் ஒரே நாளில் 11 கிலோமீட்டருக்கு மேல் பிழை சேரும். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே உள்ள தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

தரைக்கு வந்து சேரும் அலையின் பலம் இன்னும் வியப்பு. ஒரு வாட்டை நூறு கோடி கோடிப் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு இருக்கும். சில்லுக்குள் இயல்பாக எழும் மின் இரைச்சலே அதைவிடச் சுமார் நூறு மடங்கு. ஆடி மாதம் இருக்கன்குடி மாரியம்மன் கோயில் கூட்டத்தில், மேளச் சத்தத்துக்கும் குலவைக்கும் நடுவே தன் பிள்ளை “அம்மா” என்று கூப்பிடும் குரலைத் தாய் பிரித்தெடுப்பாள் அல்லவா? சில்லு செய்வதும் அதே வேலை. ஒவ்வொரு செயற்கைக்கோளும் 1,023 துடிப்புகள் கொண்ட தனக்கே உரிய கோலத்தை விநாடிக்கு ஆயிரம் முறை திரும்பத் திரும்ப அனுப்புகிறது. சில்லு அதன் நகலை வைத்து நகர்த்தி நகர்த்திப் பொருத்திப் பார்க்கிறது. பொருந்திய கணத்தில் இரைச்சல் ஒதுங்கி, கோலம் மேலெழுகிறது.

செயற்கைக்கோள் பேசும் வேகமோ விநாடிக்கு 50 பிட். இணையத்தில் ஒரு தமிழ் எழுத்துக்கே 24 பிட் ஆவதால், விநாடிக்கு இரண்டு எழுத்து என்று வைத்துக்கொள்ளலாம். தன் பாதை விவரத்தைச் சொல்லி முடிக்க அதற்கு அரை நிமிடம் பிடிக்கும். நல்ல பட்டைகள் அந்த விவரத்தைச் செல்போன் வழியாக முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, சில விநாடிகளில் இடத்தைச் சொல்லிவிடுகின்றன.

திறந்த வானத்துக்கும் இங்கே ஒரு குறும்பு உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடி வழியாகப் போகிறது. கேரளத்துத் தும்பாவை ராக்கெட் தளமாகத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமும் அதுதான். இந்தக் கோட்டையொட்டி, பொழுது சாய்ந்த சில மணி நேரத்துக்கு, அயனி மண்டலத்தில் (மேல்வானில் மின்னூட்டம் பெற்ற அடுக்கில்) குமிழ்கள் எழும்பும். அவற்றைக் கடந்து வரும் அலை மினுக்கும். சில சமயம் அறுந்தும் போகும். பகலும் இரவும் சமமாகும் மாதங்களில்தான் இது மிகுதி. விருதுநகரில் பங்குனிப் பொங்கல் களைகட்டும் அதே மாலைகள்! ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ ஆகியவற்றையும் கேட்கும் சில்லு, ஒன்று அறுந்தால் இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும்.

இதே வேலைக்கான நம் நாட்டு நேவிக் அமைப்பின் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலையில் போனது. கைப்பட்டை போன்ற சின்னக் கருவிகளின் சில்லுகளுக்கு ஏற்ற எல்1 அலைவரிசை, 2023 மே மாதம் ஏவிய என்விஎஸ்-01இல்தான் முதன்முதலாகச் சேர்ந்தது. உள்நாட்டிலேயே செய்த ருபீடியம் அணுக் கடிகாரமும் அதில் இருக்கிறது. 2025 ஜனவரியில் ஏவிய என்விஎஸ்-02 உரிய பாதையை எட்டவில்லை.

இதுவரை சொன்னது பாதி வேலை. பட்டை தன் இடத்தைத் தெரிந்துகொண்டது. பூப்பறிக்கப் போன அம்மாவுக்கு அதைத் தெரிவிக்க வேண்டுமே! அதற்கு உள்ளே ஒரு சிம் கார்டு. கரிசல் காட்டில் வானம் நெருக்கம், டவர்தான் தூரம். டவர் தள்ளிப்போகப் போக, பட்டை உரக்கக் கத்த வேண்டும். பேட்டரி சீக்கிரம் தீரும். அதனால் அசைவு உணரி ஒன்றை வைக்கிறார்கள். சிலிக்கனில் செதுக்கிய, மயிரிழையைவிட மெல்லிய விரல்கள் உடல் அசையும்போது ஆடும். பிள்ளை தூங்கினால் பட்டையும் தூங்கும். எழுந்து ஓடினால் விழித்துக்கொள்ளும்.

கல்லூரி மாணவர்கள் நியோ-6எம் ஜிபிஎஸ் பலகையையும் சிம் கார்டு போடும் சிம்800எல் பலகையையும் இணைத்து இப்படியொரு பட்டையைத் தாங்களே செய்து பார்ப்பது உண்டு. சிம்800எல் 2ஜி மட்டுமே பேசும். 2ஜி இல்லாத ஜியோவின் சிம் அதில் வேலை செய்யாது. சேதி அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும் என்பதால், சோப்ளாங்கி பேட்டரி போட்டால் அணைந்து அணைந்து எரியும். இன்னொரு பொறியும் உண்டு. ஜிபிஎஸ் பலகை 0930.5 என்று சொன்னால் அதன் பொருள் 9 பாகை, 30.5 கலை, ஒரு கலை பாகையில் அறுபதில் ஒரு பங்கு. தசமத்தில் அது 9.508. மாற்றாமல் 9.305 என்று வரைபடத்தில் போட்டால், பிள்ளை 22 கிலோமீட்டர் தெற்கே தெரிவான்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் புளூடூத் வில்லைகள் வேறு இனம். அவற்றுக்கு வானத்தோடு பேச்சே இல்லை. பக்கத்தில் போகிற யாராவது ஒருவரின் போன்தான் அவற்றின் இடத்தைச் சொல்ல வேண்டும். மதுரை மாசி வீதிகளில் சரி. கருவேலங்காட்டு ஒற்றையடிப் பாதையில் யார் போவார்கள்?

கூரையும் முக்கியம். தகரக் கொட்டகைக்குள் ஜிபிஎஸ் அலை ஏறக்குறைய நுழையாது, காங்கிரீட்டுக்குள் திணறும். உடம்பில் உள்ள தண்ணீரும் அலையை உறிஞ்சும். அப்போது பட்டை டவரை வைத்து உத்தேசமாக ஓர் இடத்தைச் சொல்லும். கிராமத்தில் அது கிலோமீட்டர் கணக்கில் தப்பலாம்.

ஜியோஃபென்ஸ் என்று ஒரு வசதி உண்டு. வரைபடத்தில் நாம் போடும் மாய வேலி. பிள்ளை தாண்டினால் போன் அலறும். பட்டை அனுப்பும் எண்ணில் ஐந்தாவது தசம இடம் ஒரு மீட்டரைக் குறித்தாலும், உண்மையான பிழை திறந்த வெளியிலேயே நாலைந்து மீட்டர். தோட்டத்துக் கிணற்றின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவே. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சேதி வருகிறதென்றால், அதற்குள் ஓடியாடும் பிள்ளை இருநூறு மீட்டர் போய்விடும். ஆகவே கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவரும் கம்பி வலையும்தான் வேலி.

செயற்கைக்கோள் யாரிடமும் கோள் சொல்லாது. சொல்வது சிம் கார்டு. கேட்பது எங்கோ இருக்கும் ஒரு சர்வர். 2017 நவம்பரில் ஜெர்மனி, ஒட்டுக்கேட்கும் வசதியுள்ள குழந்தைகள் ஸ்மார்ட் வாட்சுகளின் விற்பனையைத் தடை செய்தது. பட்டை வாங்கும்போது நாம் விசாரிக்க வேண்டியதும் அந்தப் பக்கத்தைத்தான்: பிள்ளையின் நடமாட்டம் எந்த சர்வரில், எத்தனை நாள் இருக்கும், அழிக்கச் சொன்னால் அழிப்பார்களா?