பழைய கூலன்ட்டை எங்கே கொட்டுகிறீர்கள்?

சித்திரை வெயில் ஏறினால் போதும், மெக்கானிக் ஷெட் வாசல்களில் பழைய மாருதி 800-களும் சான்ட்ரோக்களும் பானெட்டைத் திறந்தபடி வரிசைகட்டிவிடும். “ஹீட் ஏறுது, என்னன்னு பாருங்க” என்று வண்டியை விடுபவரிடம், கூலன்ட் மாற்றி எத்தனை வருடமாச்சு என்று கேளுங்கள். பெரும்பாலும் விழிப்பார். டேங்கில் குறையும்போதெல்லாம் போர்வெல் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருப்பார்.

“நம்ம ஊர்ல என்ன பனியா கொட்டுது? தண்ணியே போதும் சார்” என்று சொல்கிற மெக்கானிக்குகளும் உண்டு. ஆனால், கூலன்ட் பனிக்கு மட்டுமானதல்ல. எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதி கலந்த கூலன்ட், மூடிய ரேடியேட்டரின் அழுத்தத்தில் 120 டிகிரி செல்சியஸைத் தாண்டித்தான் கொதிக்கும். அதிலுள்ள துருத் தடுப்பான்கள்தான் அலுமினிய ஹெட்டையும் வாட்டர் பம்ப்பையும் அரிப்பிலிருந்து காக்கின்றன. அவை நாளடைவில் தீர்ந்துபோகும். கிளைக்காலும் மெல்ல அமிலமாக மாறும். உப்புத் தண்ணீரும் சேர்ந்துகொண்டால் ரேடியேட்டர் குழாய்களில் சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொள்ளும். பழைய வகைப் பச்சைக் கூலன்ட்டை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. கடையில் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள்; மேனுவலில் சொல்லியிருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

ஃப்ளஷ் செய்வது பெரிய வித்தையல்ல. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும். பல வருடம் கவனிக்காத வண்டியென்றால் மூடியின் உள்பக்கத்தில் பழுப்புச் சேறு விரலில் ஒட்டும். அடிப் பிளக்கைக் கழற்றினால் செம்மண் கரைத்தது போலத் தண்ணீர் கொட்டும். வடிந்ததும் டிஸ்டில்ட் வாட்டரை நிரப்பி, ஹீட்டரைத் திறந்துவைத்து, மேல் ஹோஸ் சூடாகும்வரை இன்ஜினை ஓடவிட்டு, ஆறவைத்து மறுபடியும் வடிக்க வேண்டும். தெளிந்த நீர் வரும்வரை இதேதான். பிளாக்குக்குள் எப்படியும் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும். அதனால், மொத்தக் கொள்ளளவில் பாதிக்கு கான்சன்ட்ரேட்டை முதலில் ஊற்றி, மிச்சத்தை டிஸ்டில்ட் வாட்டரால் நிரப்புங்கள். ஏர் லாக் ஆகாமல் குமிழி அடங்கும்வரை பொறுத்து மூடியைப் போடுங்கள்.

இவ்வளவும் சொல்லித்தருபவர்கள், வடித்ததை என்ன செய்வது என்பதை மட்டும் சொல்வதே இல்லை. ஷெட் வாசலிலேயே பிளக்கைத் திறக்கிறார்கள். அது தெருவில் ஓடி, சாக்கடை ஓரத்தில் குட்டையாகத் தேங்குகிறது. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். தாகத்தில் அலையும் நாயும் பூனையும் அதை நக்கிக் குடித்துவிடும். உடலுக்குள் போனதும் அது ஆக்ஸாலிக் அமிலமாக மாறி, சிறுநீரகத்தில் படிகங்களாகப் படிந்து அதைச் செயலிழக்கச் செய்கிறது. ஒரு பூனையைக் கொல்லச் சில டீஸ்பூன் போதும். 2022-ல் காம்பியாவில் குழந்தைகளின் மரணத்தோடு தொடர்புபடுத்தப்பட்ட இருமல் மருந்துகளில் உலக சுகாதார நிறுவனம் கண்டறிந்த இரண்டு நச்சுகளில் ஒன்று இதுதான். அமெரிக்காவில் கடைகளில் விற்கும் கூலன்ட்டில் கசப்புப் பொருளைச் சேர்க்க உற்பத்தியாளர்கள் 2012-ல் தாங்களாகவே முன்வந்தார்கள். நம் கடைகளில் விற்பதிலும் அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பேன். சில ரூபாய் விலை ஏறினால் ஏறட்டும்.

அதுவரை பொறுப்பு நம்முடையது. வண்டியை விடும்போதே, “வடிக்கிறதை எங்கே சேர்ப்பீங்க?” என்று கேளுங்கள். வீட்டில் நீங்களே மாற்றினால் அடியில் அகலமான தட்டு வையுங்கள். ஒரு சொட்டு சிந்தினாலும் தண்ணீர்விட்டுத் துடையுங்கள். வடித்ததைப் பழைய ஜூஸ் பாட்டிலில் மட்டும் ஊற்றிவைக்காதீர்கள், குழந்தைகள் குடித்துவிடும். இறுக்கமான மூடியுள்ள கேனில் ஊற்றி, மேலே ‘விஷம்’ என்று எழுதி, கழிவைத் தனியாகச் சேகரிக்கிற சர்வீஸ் சென்டரில் ஒப்படையுங்கள்.