வீட்டுக் கணினியில் ஓர் இரட்டை எஞ்சின் விமானம்

ஒரு பொருளைப் போன்ற மற்றொன்றைச் செய்வதில் இரு வகை உண்டு. ஒன்று, அதன் தோற்றத்தைப் போலச் செய்தல். மற்றொன்று, அதன் இயல்பைப் போலச் செய்தல். மரத்தில் யானை செதுக்கும் தச்சன் முதலாவதைச் செய்கிறான். அந்த மர யானை நடக்கவும் வேண்டும், பாரம் இழுக்கவும் வேண்டும், மதங்கொண்டால் பாகனுக்கு அடங்காது நிற்கவும் வேண்டும் என்று ஒருவர் கேட்பாராயின், அஃது இரண்டாவது வகையாகும். வீட்டுக் கணினியிலே பழைய விமானமொன்றை மீள உருவாக்குவோர் மேற்கொள்ளும் பணி இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

நிலத்தில் இருந்தபடியே பறக்கப் பழகும் எண்ணம் புதியதன்று. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலுள்ள பிங்காம்டன் நகரில், ஓர்கன் வாத்தியங்களும் பியானோக்களும் செய்யும் தொழிற்சாலையொன்றை நடத்தியவரின் மகன் எட்வின் லிங்க். வாத்தியங்களுக்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கொண்டே, சிறு விமானம் போன்ற ஒரு பெட்டியைச் சாயவும் திரும்பவும் செய்யும் பொறியொன்றை அவர் 1929இல் அமைத்து முடித்தார். தொடக்கத்தில் அதனைக் கேளிக்கைப் பூங்காக்கள் விரும்பினவேயன்றி விமானப் பள்ளிகள் பொருட்படுத்தவில்லை. 1934இல் தபால் கொண்டுசெல்லும் பணி அமெரிக்க இராணுவத்தின் விமானப் பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டது. இருளிலும் மூடுபனியிலும் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பயிற்சி போதாமையால் விமானிகள் பலர் அப்பணியில் உயிரிழந்தனர். அதன் பின்னரே அப்பிரிவு லிங்கின் பொறிகளில் ஆறினை வாங்கியது. விளையாட்டுப் பொருளெனக் கருதப்பட்டது உயிர்காக்கும் ஆசானாயிற்று.

அத்தகைய பொறி வீட்டுக்குள் வந்தமைக்குக் கணினியே காரணம். புரூஸ் ஆர்ட்விக் என்பார் 1979இல் அப்பிள் கணினிக்கென ஒரு பறத்தல் நிரலை வெளியிட்டார். அதனை அடியொற்றி 1982இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் தன் முதலாவது சிமுலேட்டரை வெளியிட்டது. அக்காலத்தில் திரையிற் தெரிந்தவை சில கோடுகளும் நிறத் திட்டுகளுமே. 2020இல் வெளிவந்த பதிப்போ, செய்மதிப் படங்களைக் கொண்டு உலகம் முழுவதையுமே காட்டுகிறது. எக்ஸ்-பிளேன் என்னும் மற்றொரு நிரலும் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளது. இவற்றுள் பிந்தியவை ஒரு சலுகையை அளிக்கின்றன: வெளியார் எவரும் தாமாக ஒரு விமானத்தை அமைத்து அவற்றினுள் சேர்க்கலாம். அவ்வாறு சேர்க்கப்பட்டவற்றுள் ஒன்று செஸ்னா 310 என்னும் இரட்டை எஞ்சின் விமானம்.

கன்சஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் இயங்கிய செஸ்னா நிறுவனம், இரண்டாம் உலகப் போரின் பின்னர் உற்பத்திக்குக் கொண்டுவந்த முதலாவது இரட்டை எஞ்சின் விமானம் இதுவாகும். 1953 ஜனவரி 3ஆம் திகதி இது முதன்முறை பறந்தது. 1954இல் விற்பனைக்கு வந்தது. 1980 வரை செய்யப்பட்டது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் தொழிற்சாலையை விட்டு வெளியேறின. அமெரிக்க விமானப் படையும் இதனை வாங்கிப் பயன்படுத்தியது; நீல வண்ணம் பூசப்பட்டிருந்தமையால் படையினர் அதனை ‘நீலத் தோணி’ என்று அழைத்தனர். இறக்கைகளின் நுனியில் மீன் வடிவான பெற்றோல் தாங்கிகள் அமைந்திருப்பது இவ்விமானத்தைத் தொலைவிலிருந்தே அடையாளங் காட்டும்.

இதனைக் கணினியில் அமைக்க முற்படுபவர் முதலில் விடைகாண வேண்டிய வினா, எந்த ஆண்டின் விமானத்தை அமைப்பது என்பதே. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் செய்யப்பட்ட ஒன்று ஒரே வடிவில் இருந்திருக்க முடியாது. ஆரம்பத்தில் நிமிர்ந்து நின்ற வால் 1960ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து பின்னோக்கிச் சாய்ந்தது. 1975இல் வந்த 310ஆர் என்னும் மாதிரியில் மூக்கு நீண்டு, அதனுள் பயணப் பொதிகளுக்கு இடம் உண்டாயிற்று. எஞ்சின் ஒவ்வொன்றின் வலுவும் 285 குதிரைவலுவாக உயர்ந்தது. ஒரு மாதிரியின் வாலையும் மற்றொன்றின் மூக்கையும் இணைத்தால், அழகாயினும் உலகில் ஒருபோதும் இல்லாத விமானமொன்றே கிடைக்கும். கனடாவைச் சேர்ந்த மில்விஸ் நிறுவனம் தன் சிமுலேட்டர் விமானத்திற்குத் தெரிந்தெடுத்தது இந்த 310ஆர் மாதிரியையே.

மாதிரி தெரிவானபின் ஆவணங்கள் திரட்டப்படுகின்றன. விமானியின் கைநூல், பழுதுபார்ப்போரின் கைநூல், அளவுப் படங்கள் ஆகியவை வேண்டும். அவற்றுக்கு மேலாக, இன்னும் பறந்துகொண்டிருக்கும் விமானம் ஒன்றும் வேண்டும். அதன் ஒவ்வோர் ஆணியும், ஆசனத்தின் தையலும், கைபட்டுத் தேய்ந்த நெம்பும் படமெடுக்கப்படுகின்றன. எஞ்சின் உயிர்பெறும் ஓசை, சக்கரம் உள்ளே மடங்கும் ஓசை, கதவு மூடும் ஓசை என ஒவ்வொன்றும் தனித்தனியே ஒலிப்பதிவு செய்யப்படுகின்றன. பின்னர் கணினித் திரையில் சின்னஞ்சிறு முக்கோணங்களை ஆயிரக்கணக்கில் அடுக்கி உடல் வார்க்கப்படுகிறது. பொறுமை மிக்க கலைஞனுக்கு இவையெல்லாம் இயலக்கூடியனவே. ஆயின், இதுவரை செய்யப்பட்டது மர யானை மாத்திரமே.

அடுத்து அமைக்க வேண்டியவை உள்ளுறுப்புகள். பெற்றோல் செல்லும் வழியை ஓர் உதாரணமாகக் கொள்ளலாம். இவ்விமானத்தின் பிரதான தாங்கிகள் இறக்கை நுனியில் உள்ளவையே. இறக்கையின் உள்ளே இருப்பவை துணைத் தாங்கிகள். எஞ்சினுக்கு அனுப்பப்படும் பெற்றோலில் எரியாது மிஞ்சும் பகுதி, எந்தத் தாங்கியிலிருந்து வந்ததாயினும், நுனித் தாங்கிக்கே திரும்பிச் செல்லும். விமானி புறப்பட்டவுடனேயே துணைத் தாங்கியைத் திறந்தால், நிறைந்திருக்கும் நுனித் தாங்கியில் திரும்பிவரும் பெற்றோலுக்கு இடமிராது. அது வழிந்து வெளியே போய்விடும். ஆகவே முதல் ஒரு மணி நேரமாவது நுனித் தாங்கியிலிருந்தே செலவிடல் வேண்டும் என்பது விதி. இவ்விதியை அறியாத ஒருவர் அமைக்கும் கணினி விமானத்தில், பெற்றோல் வழியவும் மாட்டாது. பறப்பவர் அவ்விதியைக் கற்கவும் மாட்டார்.

அந்நுனித் தாங்கிகள் மற்றொரு வகையிலும் விமானத்தின் இயல்பை வகுக்கின்றன. நீண்ட தடியொன்றின் இரு முனைகளிலும் நீர்க் குடங்களைக் கட்டித் தோளிற் சுமப்பவன், திரும்பத் தொடங்குவதற்கும் சிரமப்படுவான். திரும்பியபின் நிற்பதற்கும் சிரமப்படுவான். நுனித் தாங்கிகள் நிறைந்த விமானமும் அவ்வாறே சாயத் தயங்கும். சாயத் தொடங்கியபின் நிற்கவும் தயங்கும். பெற்றோல் செலவாகச் செலவாக இத்தயக்கம் குறையும். எடை எவ்வளவு என்பதோடு அது எங்கே இருக்கிறது என்பதையும் கணினிக்குச் சொல்லிவைத்தாலன்றி இவ்வியல்பு தோன்றாது.

காற்றின் விசைகளைக் கணிப்பதற்கு இரு முறைகள் வழங்குகின்றன. ஒன்று அட்டவணை முறை: இன்ன கோணத்தில் இன்ன வேகத்தில் இன்ன விசை என்று முன்கூட்டியே எழுதிவைத்தல். மற்றையது, இறக்கையையும் விசிறியையும் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மேலும் காற்று செய்வதை நொடிக்குப் பல தடவை கணித்துக் கூட்டுதல். எக்ஸ்-பிளேன் இந்த இரண்டாம் முறையினால் அறியப்பட்டது. எம்முறையைக் கைக்கொண்டாலும் ஒரு சோதனை நேரும். கணினி விமானம் உண்மையானதை விட விரைந்து பறப்பதாகக் காணப்பட்டால், காற்றின் தடையைச் சற்றுக் கூட்டி எழுதிவிடலாம். வேகம் கைநூலோடு பொருந்திவிடும். ஆனால், எஞ்சினின் வலு மிகையாக எழுதப்பட்டிருந்ததே உண்மைக் காரணமாயின், எஞ்சின் நின்று விமானம் சறுக்கி இறங்கும் வேளையில் அது கல்லைப்போல் விழும். விடையைப் பார்த்துக்கொண்டு கணக்குச் செய்யும் மாணாக்கனின் நிலை இதுவே. ஆதலால் நேர்மையான அமைப்பாளர், ஒரே எண்ணைச் சரிசெய்வதோடு நில்லாது, ஓடி எழும் தூரம், ஏறும் வேகம், பெற்றோற் செலவு, இறங்கும் கோணம் ஆகிய யாவற்றையும் கைநூலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். அவ்விமானத்தை ஓட்டிப் பழகியவர்களைக் கொண்டும் சோதிக்கிறார்.

இத்தனையும் சரியாயினும், இரட்டை எஞ்சின் விமானத்திற்குரிய கடைசிப் பரீட்சை ஒன்று உண்டு. அது, ஓர் எஞ்சின் நின்றபின் விமானம் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதே.

ஓர் எஞ்சின் நின்றால் பாதி வலு போயிற்று. ஏறும் ஆற்றலிலும் பாதி போகும் என்றே பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று, இத்தகைய சிறு விமானங்களில் ஏறும் ஆற்றலில் 80 சதவீதமோ அதற்கு மேலோ போய்விடும். காரணத்தைக் குடும்பக் கணக்கொன்றால் விளக்கலாம். மாதம் 100 ரூபா வருவாயும் 40 ரூபா செலவும் உள்ள வீட்டில் 60 ரூபா மிஞ்சும். வருவாய் 50 ரூபாவாகக் குறைந்தால் மிச்சம் 30 ரூபாவன்று, 10 ரூபாவே. விமானம் உயரங் குன்றாமற் பறப்பதற்கே ஒரு பகுதி வலு செலவாகிறது; மிஞ்சுவதே ஏறுவதற்கு உதவுகிறது. அதன்மேல், நின்ற எஞ்சினின் விசிறி காற்றை மறித்துச் செலவையும் கூட்டுகிறது. ஆகவேதான் அவ்விசிறியின் இதழ்களைக் காற்றுக்குக் கத்தி விளிம்புபோலத் திருப்பி வைக்கும் ஏற்பாடு விமானத்தில் இருக்கிறது.

இரண்டாவது இடர், விமானம் பக்கமாகத் திரும்புதல். இயங்கும் எஞ்சின் தன் பக்கத்து இறக்கையை முன்னே இழுக்க, மூக்கு நின்ற எஞ்சினின் பக்கம் திரும்பும். விமானி காலால் மிதித்து வாற்சுக்கானைத் திருப்பியே அதனைத் தடுக்க வேண்டும். சுக்கானுக்கு ஆற்றல் தருவது அதன்மேல் ஓடும் காற்று. வேகம் குறைந்தால் காற்றும் குறையும். ஓர் எல்லைக்குக் கீழே முழுவதும் மிதித்தாலும் மூக்கு நில்லாது, விமானம் கவிழத் தொடங்கும். வேகமானியில் சிவப்புக் கோடு குறிப்பது இந்த எல்லையை. அதற்கு மேலே உள்ள நீலக் கோடு, ஓர் எஞ்சினுடன் மிக விரைந்து ஏறத்தக்க வேகத்தைக் குறிக்கும்.

இவ்விமானத்தில் இரு எஞ்சின்களும் ஒத்தவை அல்ல என்பதும் அறியத்தக்கது. பின்னிருந்து நோக்கினால் இரு விசிறிகளும் கடிகார முள்ளின் திசையிலேயே சுழல்கின்றன. மூக்கு உயர்ந்திருக்கும்போது, வலப்புறமாகக் கீழிறங்கும் இதழ் காற்றை மிகுதியாகப் பற்றி மிகுதியாக இழுக்கும். எனவே இரு விசிறிகளின் இழுவையும் சற்று வலப்புறம் ஒதுங்கும். இடது எஞ்சினின் இழுவை உடலை நெருங்க, வலது எஞ்சினின் இழுவை உடலை விட்டு விலகும். கீலிலிருந்து தள்ளிப் பிடித்தால் கதவு எளிதிற் திரும்புவதுபோல, இடது எஞ்சின் நின்று வலது மட்டும் இழுக்கும் நிலையே அதிக இடருடையதாகும். கணினி விமானத்தில் எந்த எஞ்சினை நிறுத்தினாலும் ஒரே விளைவு தோன்றுமாயின், அங்கே இருப்பது செஸ்னா 310 அன்று. அதன் சட்டையை அணிந்த வேறொன்று.

இவ்வளவு நுட்பம் பொழுதுபோக்கு ஒன்றிற்கு எதற்கு என்று கேட்கலாம். விடை, பழக்கத்தின் வலிமையில் இருக்கிறது. வீட்டுக் கணினியில் பறப்போருள் உண்மை விமானம் ஓட்டக் கற்போரும் உளர். கற்று முடித்தோரும் உளர். நின்ற எஞ்சினோடு சிவப்புக் கோட்டுக்குக் கீழும் சாதுவாகப் பறக்கும் பொய் விமானத்திற் பழகியவர், மெய்யான விமானத்திலும் அச்சமின்றி மூக்கை உயர்த்தக் கூடும். தரையிலிருந்து சில நூறு அடி உயரத்தில் அத்தவறு நேர்ந்தால் திருத்துவதற்கு அவகாசம் கிடையாது. ஒன்றும் கற்பியாத கருவியை விடத் தவறாகக் கற்பிக்கும் கருவி கெடுதியானது.

நன்றாக அமைந்த கருவிக்கும் எல்லை உண்டு. மெய்யான விமானத்தில் அந்தச் சுக்கான் மிதியை அழுத்த மிகுந்த கால் வலிமை வேண்டும்; 150 இறாத்தல் வரையுள்ள அழுத்தத்தை அமெரிக்க விதிகள் அனுமதித்திருந்தன. வீட்டிலோ அது சிறு மிதியின் மெல்லிய அசைவு. சிலருக்கு விரல்களின் திருகல் மட்டுமே. உடல் தூக்கி எறியப்படும் உணர்வும், உயிரச்சமும் அங்கே இல்லை. ஆகவே சாதாரண வீட்டுக் கருவியிற் செலவிட்ட மணிகளை விமானி உத்தரவுப் பத்திரத்திற்குரிய மணிகளாக அதிகாரிகள் ஏற்பதில்லை. அவர்கள் ஆராய்ந்து அங்கீகரித்த கருவிகளுக்கே அவ்வுரிமை உண்டு. எதனை முதலிற் செய்வது, எந்த நெம்பைத் தொடுவது, எந்தக் கோட்டைக் காப்பது என்னும் ஒழுங்கினை வீட்டுக் கருவி மனத்திற் பதிக்கலாம். துணிவையும் கால் வலிமையையும் அதனால் தரவியலாது.

செஸ்னா 310 விமானங்களுள் மிக இளையதற்கும் இன்று வயது நாற்பதைக் கடந்துவிட்டது. ஆண்டுதோறும் அவற்றுட் சில பறத்தலை நிறுத்துகின்றன. அவற்றை ஓட்டியோரும் முதுமை எய்துகின்றனர். அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானம் அதன் தோற்றத்தைக் காக்கும். நுனித் தாங்கி நிறைந்தபோது அது சாயத் தயங்கியதையும், இடது எஞ்சின் நின்றபோது வலது காலை எவ்வளவு நாடியதையும் அங்கே காண முடியாது. அவ்வியல்புகளை அறிந்தோர் இருக்கும்போதே அவர்களைக் கேட்டு, அளந்து, கணினியில் எழுதிவைப்பவர்கள், பொழுதுபோக்கின் பெயரால் ஒரு தொழிலறிவைப் பேணுகின்றனர். அவ்வறிவு பிழையின்றிப் பேணப்படல் வேண்டும் என்பதே அவர்கள் மேலுள்ள கடமை.