செத்தவர் சொன்ன சாட்சி

லண்டனின் கோவன்ட் கார்டனில் நள்ளிரவு தாண்டி ஒரு கொலை நடக்கிறது. சம்பவ இடத்தில் காவலுக்கு நிற்கும் இளம் கான்ஸ்டபிள் பீட்டர் கிராண்டிடம் ஒருவர் வந்து, எல்லாவற்றையும் தான் பார்த்ததாகச் சொல்கிறார். ஆனால் அந்தச் சாட்சி செத்து நூறு வருடங்களுக்கு மேலாகிவிட்டது!

பென் ஆரனோவிச்சின் ‘ரிவர்ஸ் ஆஃப் லண்டன்’ (2011) இப்படித்தான் ஆரம்பிக்கிறது. துப்பறியும் கதையும் மாயாஜாலமும் விரும்புகிறவர்கள் தவறவிடக்கூடாத நாவல்.

பீட்டரின் அம்மா சியரா லியோனிலிருந்து வந்தவர், அப்பா ஜாஸ் இசைக்கலைஞர். மந்திரம் தெரிந்த இன்ஸ்பெக்டர் நைட்டிங்கேலிடம் அவன் சீடனாகச் சேர்கிறான். மந்திரக் கலைக்கு இலக்கணம் வகுத்தவர் ஐசக் நியூட்டன் என்பது கதையின் அழகான கற்பனை. மந்திரம் போட்டால் பக்கத்திலிருக்கும் செல்போனின் சிப் பொடியாகிவிடும். ஏன் என்று பீட்டர் சோதனை செய்து பார்க்கும் பக்கங்கள்தான் நாவலின் உயிர். வியந்து நிற்காமல் விசாரிக்கிற போலீஸ்காரன் அவன்.

தேம்ஸ் நதிக்கு இங்கே இரண்டு தெய்வங்கள். மேல்பகுதி, பழங்காலத்து அப்பா தேம்ஸுக்கு. கடலை ஒட்டிய பகுதி, நைஜீரியாவிலிருந்து வந்த அம்மா தேம்ஸுக்கு. இன்று தெருக்களுக்கடியில் சாக்கடையாக ஓடும் ஃப்ளீட் போன்ற துணை நதிகள் அம்மாவின் மகள்கள். குடியேறிகளின் நகரத்தை இதைவிட அன்பாகச் சொல்ல முடியுமா?

நடுவில் கதை கொஞ்சம் தடம் மாறி அலைகிறது. பொறுத்துக்கொள்ளலாம். அமெரிக்கப் பதிப்பின் பெயர் ‘மிட்நைட் ரயட்’. இரண்டையும் வேறு வேறு நாவல் என்று நினைத்து வாங்கிவிட வேண்டாம். அடுத்த பாகம் ‘மூன் ஓவர் சோஹோ’.