வீட்டின் மூலைமுடுக்கிலும் வைஃபை

பல கிராமங்களுக்குக் கண்ணாடி இழைக் கம்பி வந்துவிட்டது. ஆயினும், கூடத்தில் கிடைக்கும் இணையம் பின்கட்டில் படிக்கும் பிள்ளைக்கு எட்டவில்லை எனப் பலர் குறை கூறுகின்றனர். இதற்காகக் கூடுதல் கட்டணத் திட்டத்திற்கு மாறுவது வீண் செலவாகும். கூடத்தில் வேகம் நன்றாயிருப்பின், குறை இணைப்பில் அன்று. அலை செல்லும் வழியிலேயே உள்ளது.

வைஃபை என்பது வானொலி அலையே. தடித்த சுவரும் கான்கிரீட்டும் அதன் வலிமையைக் குறைக்கும். இரும்புப் பீரோ அதனைத் தடுக்கும். ஆகவே ரூட்டரை வீட்டின் நடுவில், ஆளுயரத்தில், திறந்த இடத்தில் வைத்தல் வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது; 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையோ சுவர் கடந்து தொலைவு செல்வது. பின்கட்டிற்குப் பின்னதே ஏற்றது.

இவற்றால் பயன் விளையாவிடில் ரிப்பீட்டர் வாங்கலாம். அலை அறவே இல்லாத அறையில் அதனை வைத்துப் பயனில்லை; அலை நன்கு கிடைக்கும் பாதி வழியில் வைத்தல் வேண்டும். ஒரே அலைவரிசையில் வாங்கி அனுப்பும் கருவியில் வேகம் ஏறத்தாழப் பாதியாகும்.

அடுத்த கட்டடத்திற்கு லேன் கம்பி இழுத்து, இரண்டாவது ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறையில் அமைப்பதே உறுதியான வழி. அக்கம்பி 100 மீட்டர் வரை பயன்படும்.

ஊராட்சி உறுப்பினர்கள் முதலில் தம் அலுவலகத்தில் இதனைச் செய்து காட்டுவார்களாக. இணைப்பு அறுந்து, ஓய்வூதியம் நாடி வந்த முதியோர் வெறுங்கையுடன் திரும்பும் நிலை அதனால் குறையும்.