பொய்ப்பல்லின் மெய்வலிமை

எழுத்துகள் வாயில் பிறக்குமாறு கூறப் புகுந்த தொல்காப்பியர், தகரமும் நகரமும் மேற்பல்லின் அடியை நா சென்று ஒற்றுகையில் பிறப்பன என்று வகுத்தார். முன்பல் இழந்த முதியவர் 'தம்பி' என்று விளிப்பதற்கும் இடர்ப்படுவதை நாம் கண்டிருக்கிறோம். உண்பதோடு உரையாடுவதும் பல்லைச் சார்ந்தே நிற்கின்றது.

பெங்களூரின் அல்சூரிலும் சிவாஜி நகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தலைமுறைகளாக வாழும் நம்மவர் இல்லங்களில், பல்செட்டு பற்றிய பேச்சு எழுந்தால் முதலில் கேட்கப்படுவது விலையே. ஆனால் மலிவானதும் உயர்ந்ததும் ஒரே இளஞ்சிவப்பு நிறத்தில்தான் பளபளக்கின்றன. ஒன்று சில திங்களில் நடுவே பிளக்கின்றது. மற்றொன்று ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றது. வேற்றுமை பொருளின் உள்ளே இருக்கின்றது. உண்ணும்போது பிளந்த துண்டு மூச்சுக்குழலில் இறங்கிவிடுமாயின் உயிருக்கே இடர். சாதாரண அக்ரிலிக் துண்டு எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெளிவாகத் தெரியாது என்பது இன்னும் கொடுமை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கந்தகமிட்டு வேகவைத்த ரப்பரே பல்தட்டுக்குப் பயன்பட்டது. 1930-களின் பிற்பகுதியில் வந்த அக்ரிலிக் அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. தூளையும் மோனோமர் என்னும் திரவத்தையும் பூரி மாவுபோல் பிசைந்து, பாரிஸ் சாந்து அச்சில் அழுத்தி, அச்சுப் பெட்டியை வெந்நீரில் இடுவர். பிழை நேர்வது பெரும்பாலும் இங்கேதான். மோனோமர் 100 பாகை செல்சியசுக்குச் சற்று மேல் கொதிக்கும். கடல் மட்டத்திற்கு 900 மீட்டருக்கு மேல் உயர்ந்த பெங்களூரில் தண்ணீரோ 97 பாகை அளவிலேயே கொதித்துவிடுகின்றது. அப்படியானால் அச்சம் இல்லையே எனலாம். ஆனால் கலவை இறுகும்போது தானே வெப்பத்தை உமிழ்வதால், தடித்த பகுதிகளின் உட்புறம் சூழ்ந்த நீரைவிடச் சூடேறும். அவசரப்பட்டுக் கொதிக்கவிட்டால் உள்ளே குமிழிகள் தங்கிவிடும். ஆதலால் 74 பாகையில் எட்டு மணி நேரம் வைப்பது, அல்லது அதே சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்துப் பின் ஒரு மணி நேரம் கொதிக்கவிடுவது என்பது வழக்கம். சமையற்கட்டில் பொறுமை தெரிந்தவர்க்கு இது விளங்கும்.

போதிய அளவு வேகாத தட்டில் மோனோமர் எஞ்சி நின்று ஈற்றை எரிக்கும், தட்டும் மெலிவடையும். வெந்நீரில் வேகவைக்கும் வகைக்கு அந்த எச்சம் எடையில் 2.2 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பது அனைத்துலகத் தரவிதி. வலிமைச் சோதனையும் எளியதே. 3.3 மில்லிமீட்டர் தடிப்பும் 10 மில்லிமீட்டர் அகலமும் உள்ள பட்டையை, உடற்சூடான 37 பாகை நீரில் 50 மணி நேரம் ஊறவைத்து, 50 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரு தாங்கிகளின்மேல் கிடத்தி நடுவில் அழுத்துவர். ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோ பளுவைத் தாங்கினால் தேறியது என்பர். ஆனால் வாயில் பல்தட்டு ஒரே அடியில் உடைவது அரிது. ஒவ்வொரு கடிக்கும் சிறிது வளைந்து வளைந்து களைத்தே பிளக்கும். அதற்காக ஆயிரக்கணக்கான முறை வளைத்துப் பார்க்கும் சோதனை வேறு. காப்பிச் சூட்டையும் குளிர்நீரையும் மாறி மாறிப் பட வைப்பதற்காக, 5 பாகை நீரிலும் 55 பாகை நீரிலும் மீண்டும் மீண்டும் தோய்த்தெடுப்பதும் உண்டு.

சில பற்கள் எஞ்சியிருப்போர்க்குக் கோபால்ட்-குரோமியம் கலந்த உலோகச் சட்டம் வார்ப்பர். அதன் முறை நமக்கு அந்நியம் அன்று. சுவாமிமலைச் சிற்பியர் ஐம்பொன் படிமம் வார்க்கும் முறையேதான். மெழுகில் கருவைச் செய்து, காவிரி வண்டல் மண்ணால் பொதிந்து, சுட்டு மெழுகை ஓடவிட்டு, வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவர் அவர்கள். பல்கூடத்தில் மண்ணுக்கு மாற்றாக வெப்பந்தாங்கும் சிலிக்காக் கலவை. உலோகம் சுழற்சி விசையால் அச்சினுள் பாய்கின்றது. 1907-இல் அமெரிக்கரான டாகர்ட் இம்முறையைப் பல் மருத்துவத்தில் பரப்பினார்.

ஒரு வேறுபாடு மட்டும் பெரிது. வார்த்தபின் படிமம் சிறிது சுருங்கினாலும் சிற்பி உளியால் செப்பனிடுவார். வாயோ அதனைப் பொறுக்காது. கோபால்ட்-குரோமியம் குளிர்கையில் 2.3 விழுக்காடு அளவு சுருங்கும்; 60 மில்லிமீட்டர் அகலச் சட்டத்தில் இது ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர். அச்சுக்கலவை அதே அளவு விரிந்து ஈடுசெய்தாலன்றிச் சட்டம் பொருந்தாது. உள்ளே துளை மறைந்திருப்பின், பல்லைப் பற்றும் கொக்கி அவ்விடத்தில் முறியும். நாளுக்கு நான்கு முறை கழற்றி மாட்டினால் ஆண்டுக்கு 1,460 முறை அக்கொக்கி வளைகின்றது. உலோகத்தை எக்ஸ்-கதிரால் ஊடுருவிப் பார்த்து இத்துளைகளைக் கண்டுகொள்ளலாம்.

இன்று கணினி வழியே கட்டியிலிருந்து அரைத்தெடுக்கும் தட்டுகளும் வந்துள்ளன; அவற்றுக்கும் இவ்வலிமைச் சோதனைகள் வேண்டியனவே. பெங்களூர்க் கோட்டைப் பகுதியில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி 1958 முதல் இயங்குகின்றது. பதிவு பெற்ற மருத்துவர் பலர் நகரெங்கும் உள்ளனர். தெருவோரத்தில் ஒரே மாலையில் பல் கட்டித் தருவோரிடம் போகுமுன், எப்பொருள், எத்தனை மணி நேரம் வேகவைத்தது என்று கேட்பதில் கூச்சம் வேண்டுவதில்லை. பெற்ற பல்லைக் கழுவுங்கால் தொட்டியில் சிறிது நீர் நிரப்பிக்கொள்க, கைநழுவினாலும் உடையாது. கொதிநீரில் மட்டும் இடாதீர்கள், தட்டு கோணிவிடும். இரவில் கழற்றியதை உலரவிடாமல் தண்ணீரிலேயே போட்டு வைக்கலாம்.