மரணக் கிணற்றில் ஒலித்த ராப்: இந்திய ஹிப்-ஹாப் காணொலிகளின் துணிச்சல்

செங்குத்தான சுவரில் காரும் மோட்டார் சைக்கிள்களும் சீறிச் சுழல, கீழே நடுவில் நின்று ஒருவர் ராப் பாடுகிறார். 2024 ஜூலையில் வெளியான 'பிக் டாக்ஸ்' பாடல் காணொலியின் காட்சி இது. கேரளத்தில் பிறந்து, அமெரிக்காவின் ஹூஸ்டனில் வளர்ந்த ஹனுமன்கைண்ட் பாடிய இப்பாடல், பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 23ஆவது இடம் வரை முன்னேறியது.

சொகுசு கார், தங்கச் சங்கிலி, மாளிகை என்பதே ஹிப்-ஹாப் காணொலிகளில் பழகிப்போன வாய்பாடு. இயக்குநர் பிஜாய் ஷெட்டி அதைக் கைவிட்டு, கேரளத்தின் பொன்னானியில் திருவிழாக் கூட்டம் கண்டு பழகிய 'மரணக் கிணறு' சாகசத்தைக் களமாக்கினார்.

இச்சாகசத்தின் அடிப்படை எளிது. வாகனம் வேகமாகச் சுற்றும்போது சுவர் அதனை உள்நோக்கி அழுத்துகிறது. அந்த அழுத்தத்தால் உண்டாகும் உராய்வே வாகனத்தைக் கீழே விழாமல் தாங்குகிறது. வேகம் குறைந்தால் பிடிமானமும் போய்விடும். ஆகவே, அக்காட்சியின் உண்மையான ஆபத்தைச் சுமந்தவர்கள் சாகசக் கலைஞர்களே. ஊர் ஊராகச் சென்று உயிரைப் பணயம் வைத்துப் பிழைக்கும் அவர்களின் திறமையை உலகம் கண்டது என்பதே இக்காணொலியின் தனிச்சிறப்பு.

பெரும் பொருட்செலவு இல்லாமலும் புதுமை சாத்தியம் என்பதை மும்பை முன்னரே காட்டியிருந்தது. குர்லாவைச் சேர்ந்த நேஸி, 2014இல் 'ஆஃபத்' பாடலை ஐபேட் கருவியிலேயே பதிவுசெய்து, காணொலியையும் அதிலேயே படமாக்கினார். அவர் வாழ்ந்த பகுதியே படப்பிடிப்புத் தளமானது.

துணிச்சல் உடலைப் பணயம் வைப்பதோடு முடிவதில்லை. சென்னையைச் சேர்ந்த சோபியா அஷ்ரப், 2015இல் 'கொடைக்கானல் வோன்ட்' காணொலியில், மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரச மாசு குறித்து யுனிலீவர் நிறுவனத்தைப் பெயர் சொல்லியே கேள்வி கேட்டார். தொழிலாளர்கள் பல ஆண்டுகள் நடத்திய போராட்டம் நாடெங்கும் பேசப்பட அது துணைநின்றது. 2016 மார்ச்சில், 591 முன்னாள் தொழிலாளர்கள் தொடர்பாக அந்நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது.

2025 மார்ச்சில் வெளியான 'ரன் இட் அப்' காணொலியில் ஹனுமன்கைண்டும் பிஜாய் ஷெட்டியும் மீண்டும் இணைந்தனர். செண்டை முழக்கத்தின் பின்னணியில் கேரளத்தின் களரிப்பயிற்று, பஞ்சாபின் கட்கா, மணிப்பூரின் தாங்-தா ஆகிய தற்காப்புக் கலைகள் அதில் இடம்பெற்றன. ஒரு முறை வென்ற காட்சியைத் திரும்பச் செய்யாமல், புதிய களத்தை நாடியதும் துணிச்சலே.

இக்காணொலிகள் தந்த பாடம் ஒன்றே: பிறர் வகுத்த வாய்பாட்டைப் பின்பற்றுவது பாதுகாப்பானது, எனினும், சொந்த மண்ணின் காட்சிகளை நம்பியவர்களையே உலகம் திரும்பிப் பார்த்தது. அந்த வெற்றியில், சுவரில் வண்டி ஓட்டியவர்களுக்கும் களத்தில் வாள் சுழற்றியவர்களுக்கும் உரிய பங்கு கிடைப்பதே அடுத்த எதிர்பார்ப்பு.