தேதி மாறிய சாட்சிகள்

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் தென்காசி லாட்ஜ்களில் அறை கிடைப்பது கஷ்டம். அருவியில் குளித்த ஈரத் தலையோடு பிரானூர் பார்டருக்குப் புரோட்டா தின்னக் கிளம்புகிற கூட்டத்தில், இன்ன குடும்பம் என்றைக்கு வந்தது என்று ஒரு மாதம் கழித்துக் கல்லாவில் இருப்பவரிடம் கேளுங்கள். "முகம் ஞாபகம் இருக்கு" என்பார். தேதியை நீங்களே எடுத்துக் கொடுத்தால், ஆமாம் என்பார்.

'பாபநாசம்' படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பாபநாசம் ஊர் தென்காசியிலிருந்து கடையம், ஆழ்வார்குறிச்சி வழியாகப் போனால் ஒரு மணி நேரப் பயணம். ஒரு பையனின் கொலைப் பழியிலிருந்து மகளைக் காப்பாற்ற, கேபிள் டிவி நடத்தும் சுயம்புலிங்கம் பொய்ச்சாட்சி யாரையும் தேடவில்லை. கொலை நடந்த பிறகு குடும்பத்தோடு பயணம் போகிறார். மறுபடியும் தனியாகப் போய், பயணத்தில் பார்த்த அதே ஆட்களிடம் பேச்சுவாக்கில், வந்தது ஆகஸ்ட் 2, 3 என்று காதில் போட்டுவிட்டு வருகிறார். போலீஸ் வந்து கேட்டபோது அவர்கள் மனமறிந்து பொய் சொல்லவில்லை. அந்தக் குடும்பம் வந்தது நிஜம், தேதிதான் மாறியிருந்தது. தமிழில் இதைவிடக் கச்சிதமான குற்றக் கதை வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஜீத்து ஜோசப் 2013-ல் மலையாளத்தில் எடுத்த 'த்ரிஷ்யம்'தான் மூலம். 2015-ல் தமிழிலும் அவரே இயக்கினார். நெல்லைப் பேச்சில் வசனம் எழுதியவர் ஜெயமோகன். 2017-ல் செய்யாறு ரவி இதைச் சிங்களத்தில் எடுத்தார். 2019-ல் சீனப் படமானது. தாய்லாந்தில் பிழைக்கப் போன சீனக் குடும்பத்தின் கதை அது. அதில் தகப்பன் கடைசியில் சரணடைந்து சிறைக்குப் போகிறான். தமிழில் சுயம்புலிங்கம் சட்டத்திடம் பிடிபடுவதில்லை. இறந்த பையனைப் பெற்றவர்கள் முன்னால் உடைந்து அழுகிறார். எனக்கு இந்த முடிவுதான் பெரியது. தண்டனையைவிட அந்த அழுகை கனமானது.

கொலையை மறைத்தவன் பக்கம் ஜனம் நின்றதற்கு அவன் சாமர்த்தியம் மட்டும் காரணமில்லை. கான்ஸ்டபிள் பெருமாளாக வரும் கலாபவன் மணி, விசாரணையில் சுயம்புலிங்கத்தின் சின்னப் பெண் மீனாவை அடிக்கிற இடத்தில் யாருக்கும் நியாய அநியாயம் பார்க்கப் பொறுமை இருக்காது. படம் வந்து எட்டு வருஷம் கழித்து, 2023-ல், பாபநாசத்தை ஒட்டிய அம்பாசமுத்திரம் வட்டாரக் காவல் நிலையங்களில் விசாரணைக்குக் கூட்டிப்போனவர்களின் பல்லைப் பிடுங்கியதாகப் புகார் கிளம்பியது. சட்டமன்றம் வரை பேச்சானது. விசாரணை சிபிசிஐடிக்குப் போனது. இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு மீனா வாங்கிய அடி கற்பனை இல்லை.